யார் என்பதா, எத்தனை பேர் என்பதா?

தைப்பூசத்துக்குப் பால்குடமோ காவடியோ எடுப்பவர் சிங்கப்பூரில் நினைத்த நேரத்துக்கு வந்து ஊர்வலத்தில் கலந்துவிட முடியாது. முன்கூட்டியே பதிந்து சீட்டு வாங்க வேண்டும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து எந்த நேரத்தில் புறப்படலாம் என்பது அந்தப் பதிவிலேயே முடிவாகிவிடும். அங்கிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நான்கு கிலோமீட்டரை ஒட்டிய நடை. 1968-இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டதால், ஊர்வலம் போகும் சாலைகளிலேயே மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களின் பேருந்துகளும் ஓடியாக வேண்டும். இரண்டு கோயில்களும் நகரத்தின் நடுவே, அக்கம்பக்கக் கட்டடங்களுக்கு இடையே நிற்பவை; பல ஆயிரம் பேரை ஒரே வேளையில் உள்ளே வைத்திருக்க அவற்றால் முடியாது. ஆகவே அந்தச் சீட்டு செய்யும் முதன்மையான வேலை, ஒரே மணிநேரத்தில் வந்து குவியக்கூடிய கூட்டத்தை ஓர் இரவுக்கும் ஒரு பகலுக்கும் பிரித்துப் போடுவது. சாலையோரம் நின்று வேடிக்கை பார்க்கிறவருக்குச் சீட்டே தேவையில்லை.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் பலரும் இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கோயில் நிர்வாகம், சங்கம், இசை நிறுவனம், மாநாட்டுக்குழு என எதுவானாலும், நுழைவுக் கட்டுப்பாடு என்றதும் பேச்சு நேராகக் கருவிக்குப் போய்விடுகிறது: கைப்பட்டையா, கழுத்தில் தொங்கும் அட்டையா, கியூஆர் குறியீடா, முகம் பார்த்துத் திறக்கும் கதவா? எதற்காகக் கட்டுப்படுத்துகிறோம் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. வாசல் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். உள்ளே இன்னும் இடம் இருக்கிறதா? இந்த நபருக்கு இந்த இடத்தில், இந்த நேரத்தில் இருக்க உரிமை உண்டா? இவர் யார்? பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு முதல் கேள்விதான் உயிரைக் காப்பது. இரண்டாவது சில கதவுகளுக்கு மட்டும் தேவை. மூன்றாவது மிக அரிதாகவே தேவை. ஆனால் பணமும் கவனமும் இதற்கு நேர் தலைகீழான வரிசையில் செலவாகின்றன.

இதற்கு மறுக்க முடியாத சான்று 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ காற்பந்து அரங்கில் நடந்தது. லிவர்பூல் அணியின் ஆதரவாளர்களில் நின்று பார்க்கும் பகுதிக்கு டிக்கெட் வைத்திருந்த சுமார் 10,100 பேருக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை ஏழே ஏழு சுழல்கதவுகள். விளையாட்டு அரங்குகளின் பாதுகாப்புக்கென்று பிரிட்டன் வைத்திருக்கும் வழிகாட்டி நூல், ஒரு சுழல்கதவு வழியாக ஒரு மணிநேரத்தில் அதிகபட்சம் 660 பேர்தான் போக முடியும் என்று கணக்கிடச் சொல்கிறது. அதாவது ஆளுக்கு ஐந்தரை விநாடி. ஏழு கதவுகளுக்கு மணிக்கு 4,620 பேர். எல்லோரும் ஒழுங்காக, நிதானமாக வந்திருந்தால்கூட இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் தொடங்க அரைமணி இருக்கும்போது வெளியே நெரிசல் தாங்க முடியாமல் போனது. வெளியேறும் வாசல் ஒன்றைத் திறக்கக் காவல்துறை உத்தரவிட்டது. உள்ளே போன கூட்டம், நேர் எதிரே தெரிந்த சுரங்கவழியில் இறங்கி, ஏற்கெனவே நிரம்பியிருந்த, கம்பிவேலியால் பிரித்த நடுக்கூண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கூண்டுகளில் அப்போதும் இடம் இருந்தது. இறந்தவர்கள் 97 பேர். டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள்தான் காரணம் என்று முதலில் பழி எழுந்தது. நீதிபதி டெய்லரின் விசாரணை அதை ஏற்கவில்லை. நுழைய உரிமை இருந்தவர்களே நுழைய முடியாமல் போனதுதான் அங்கே முதல் ஆபத்து. மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் ஒவ்வொரு பகுதிக்கான கணக்கு இல்லாமல் போனது இரண்டாவது.

இந்தக் கணக்கை நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போட்டுப் பார்க்கலாம். 10,000 பேர் ஒரு மணிநேரத்துக்குள் உள்ளே போக வேண்டுமானால், அதே வேகத்தில் 16 வாசல்கள் போதும். பாதுகாப்பைக் கூட்டுகிறோம் என்று சொல்லி, ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் வாங்கி டிக்கெட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இருபது விநாடி ஆனால் ஒரு வாசலில் மணிக்கு 180 பேர்தான் போக முடியும். 56 வாசல்கள் வேண்டும். வாசலைக் கூட்டாமல் சோதனையை மட்டும் கூட்டினால், உள்ளே இருக்கும் பாதுகாப்பு வெளியே சாலையில் நிற்கிறவர்களின் விலா எலும்பில் போய் முட்டும். கூட்டத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டால் மனிதர்கள் தங்கள் விருப்பப்படி நகரும் ஆற்றலை இழந்து, திரவம் போல ஒட்டுமொத்தமாகத் தள்ளப்படுகிறார்கள் என்று விளக்கியிருக்கிறார். அந்த நிலையில் யார் கையில் எந்த அட்டை இருக்கிறது என்பதற்குப் பொருளே இல்லை.

ஹில்ஸ்பரோவில் எழுந்த அதே பழி பின்னரும் எழுந்தது. 2022 மே 28 அன்று பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வாசல் நெரிசலால் தாமதமாகத் தொடங்கியது. 30,000 முதல் 40,000 பேர் வரை போலி டிக்கெட்டோடோ டிக்கெட்டே இல்லாமலோ வந்தார்கள் என்று பிரெஞ்சு உள்துறை அமைச்சர் சொன்னார். வாசலில் கருவிகள் உண்மையில் பிடித்த போலி டிக்கெட்டுகள் மூவாயிரத்துக்கும் குறைவு. ஆட்டத்தை நடத்திய ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் நியமித்த சுயேச்சையான விசாரணைக் குழுவே, முதன்மைப் பொறுப்பு அந்தச் சங்கத்துடையது என்று முடிவுசெய்தது. நமக்கு இன்னும் அருகிலும் உதாரணங்கள் உண்டு. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னைப் பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்குப் பணம் கட்டி டிக்கெட் வாங்கிய ஏராளமானோர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். செல்லத்தக்க டிக்கெட் அவர்கள் கைப்பேசியிலேயே இருந்தது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி விளையாட்டரங்க வாசல்களில் 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். சுமார் 35,000 பேர் கொள்ளும் அரங்கம். கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு வந்தவர்களோ இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மாநில அரசு சொன்னது. இலவச அனுமதிச்சீட்டு உண்டு என்ற அறிவிப்பு விழா நாளன்றே சமூக ஊடகத்தில் வந்தது. யாருக்குச் சீட்டு, எந்த வாசல், சீட்டு இல்லாதவர் என்ன செய்வது என்பது வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்குத் தெரியவில்லை. நுழைவுக் கட்டுப்பாடு வாசலில் தொடங்குவதாக நினைப்பதே தவறு. அது அறிவிப்பில் தொடங்குகிறது.

டிக்கெட் இல்லாத கூட்டம் ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். பொருட்டுதான். 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்ப்ளி அரங்கில் யூரோ இறுதியாட்டத்தின்போது சுமார் 2,000 பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே புகுந்ததாக லூயிஸ் கேசி அம்மையாரின் அறிக்கை சொல்கிறது. பதினேழு முறை கூட்டமாகத் தள்ளிக்கொண்டு நுழைந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குறிவைத்த இடங்களைப் பாருங்கள்: மாற்றுத்திறனாளிகளுக்கான வாசல், அவசரக் கதவு, முன்னால் போகிறவருக்குத் திறக்கும் சுழல்கதவில் அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகும் அந்த ஒரு கணம். 2024 மார்ச்சில் சிங்கப்பூர்த் தேசிய விளையாட்டரங்கில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவுகள் பாடியபோதும், டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட உதவியதாகச் சிலர் மீது வழக்குப் பதிவானது. டிக்கெட்டில் பெயர் அச்சிட்டிருந்தால் இவற்றில் எதுவும் நின்றிருக்காது. அரங்கத்துக்கு வெகு முன்னாலேயே முதல் தடுப்பு, அங்கேயே டிக்கெட் இல்லாதவரைத் திருப்பிவிடுதல், ஒவ்வொரு பக்கவாசலிலும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் ஓர் ஆள் என, இவைதான் தடுத்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். டிக்கெட் என்பது விற்பனை. அங்கீகார அட்டை என்பது பொறுப்பு. இந்த இரண்டையும் ஒரே மேசையில் ஒரே ஆள் கையாளும் நிகழ்ச்சிகளில்தான் பெரும்பாலான குழப்பங்கள். டிக்கெட்டை நான் என் தம்பிக்குக் கொடுத்தால் இருக்கையில் வேறொருவர் அமர்வார், அவ்வளவே. மேடைக்குப் பின்னால் போகும் அட்டையைக் கொடுத்தால் நிலைமையே வேறு. 1972 செப்டம்பர் 5 அதிகாலை மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தின் வேலியைத் தாண்டி உள்ளே குதித்த பயங்கரவாதிகள் விளையாட்டு வீரர்கள் போல டிராக்சூட் அணிந்திருந்தார்கள். ஊர் சுற்றிவிட்டு அதே வேலியேறித் திரும்பும் வீரர்கள் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். இஸ்ரேலிய அணியினர் 11 பேர் உயிரிழந்தார்கள். உடையே அடையாளமாக இருந்த காலம் அதோடு முடிந்தது. இன்று ஒலிம்பிக் அட்டையில் படம், பணிப்பிரிவு, எந்தெந்த அரங்கம், அரங்கத்துக்குள் எந்தெந்தப் பகுதி என்பதெல்லாம் எழுத்தாலும் எண்ணாலும் நிறத்தாலும் குறிக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூரும் 2010-இல் இளையர் ஒலிம்பிக்கை நடத்தியபோதும் 2015-இல் தென்கிழக்காசிய விளையாட்டுகளை நடத்தியபோதும் இந்த முறையோடு பழகிவிட்டது.

இதை அப்படியே சிறிய நிகழ்ச்சிக்குப் பெயர்த்து வைப்பது வீண். நானூறு பேர் அமரும் அரங்கில் ஒரு நாட்டியப் பள்ளியின் ஆண்டுவிழா நடக்கிறது என்று கொள்ளுங்கள். முன்வாசலில் கியூஆர் குறியீடு வருடும் கருவியும் இரண்டு பாதுகாவலர்களும் இருப்பார்கள். சிறுமிகள் உடை மாற்றும் அறைக்குப் போகும் பக்கக்கதவு செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்து கிடக்கும். ஒப்பனைக்காரர், பக்கவாத்தியக்காரர், படம் எடுப்பவர், பூ கொண்டுவருபவர், அண்ணன், மாமா என எல்லோரும் அதன் வழியேதான் போய்வருவார்கள். இந்த அரங்கில் அட்டை தேவைப்படும் கதவு அந்த ஒன்றுதான். அங்கே பெயரும் படமும் இருக்கட்டும். குழந்தைகளின் பாதுகாப்புக்கு யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். முன்வாசலுக்குக் கிழித்துக் கொடுக்கும் காகிதச் சீட்டே போதும். பகுதிகளை எத்தனையாகப் பிரிப்பது என்பதிலும் சிக்கனம் வேண்டும். எட்டு நிறங்களில் அட்டை அடித்துவிட்டு, எந்த நிறம் எங்கே போகலாம் என்பதை வாசலில் நிற்கும் தொண்டூழியர் காகிதத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்றால், பத்து நிமிடத்தில் அவர் எல்லோரையும் விட்டுவிடுவார். மூன்று பகுதிகளுக்கு மேல் வைத்தால் அதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். ‘எல்லா இடமும்’ என்ற அட்டைகளின் எண்ணிக்கையை முதலிலேயே முடிவுசெய்து, அதற்கு மேல் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் துணிச்சல் செயலாளருக்கு வேண்டும். நம் சங்கங்களில் இதுவே மிகக் கடினமான பாதுகாப்பு ஏற்பாடு.

தைப்பூச ஊர்வலம் இதிலும் நல்ல பாடம். காவடி எடுப்பவர், உடன் வரும் குடும்பத்தினர், அர்ச்சகர், தொண்டூழியர், சாலையைக் காக்கும் காவலர் எனப் பணி பலவிதம். 1973 முதல் ஊர்வலத்தில் நேரடி இசைக்குத் தடை இருந்தது. 2016-இல் வழியில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வாசிக்க அனுமதி வந்தது. அந்த ஏற்பாட்டில் இசைக்கலைஞர்கள் கூட்டத்தோடு நகராமல் ஓரிடத்தில் நின்று வாசித்தார்கள். மேளத்துக்கு இடம் வகுத்துக் கொடுத்ததும் நுழைவுக் கட்டுப்பாடுதான். ஊர்வலம் எங்கேயாவது தேங்கினால் பின்னால் வருகிறவர்களின் தோளில் காவடியின் பாரம் கூடும் என்பதை நினைத்தால் அதன் தேவை விளங்கும். 2021-இலும் 2022-இலும் கொவிட் காரணமாக நடைஊர்வலமும் காவடியும் இல்லாமல் போய், பக்தர்கள் நேரம் முன்பதிந்து கோயிலுக்கு வந்தார்கள். முருகனைப் பார்க்க நேரச்சீட்டா என்று மனம் நொந்தவர்கள் உண்டு. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் முறை வைத்துப் பிரிப்பது நம் கோயில்களுக்குப் புதிதில்லை. மண்டகப்படியை நாளுக்கு ஒருவராக வகுத்தவர்கள் நாம். எல்லோரும் ஒரே கணத்தில் முன்னே நிற்க முடியாது என்ற உண்மையைப் பக்தி என்றுமே மறுத்ததில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு அதிகத் தயக்கம். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலொழிய, அல்லது ஒருவரை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டிய கட்டாயம் இருந்தாலொழிய, தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது. அட்டையைப் படி எடுத்து வைக்கவும் கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் வகுத்த இந்த விதிமுறை, ஓர் இசைநிகழ்ச்சிப் பதிவுப் படிவத்துக்கும் பொருந்தும். ஆனாலும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பிறந்த தேதி வரை கேட்கும் படிவங்களைக் காண்கிறோம். ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த விவரம் இன்னொரு நோக்கத்துக்குப் போகும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. தொற்றுத் தடமறிய 2020-இல் வந்த டிரேஸ்டுகெதர் செயலியின் தகவல் அதற்கு மட்டுமே பயன்படும் என்று மக்களுக்கு உறுதி தரப்பட்டது. குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எழுந்த மனக்குறைக்குப் பிறகு, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பு கட்டியது. அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், மூன்று தொண்டூழியர்களின் மடிக்கணினியில் கிடக்கும் பெயர்ப்பட்டியலின் கதி என்ன?

லிட்டில் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் சாலை அருகே நடந்த கலவரத்துக்குப் பிறகு, இந்த வட்டாரத்துக்கென்று தனிச் சட்டமே 2014-இல் வந்தது. அடுத்த ஆண்டு மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. பின்னர் 2022 ஜூன் முதல், விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு வர முன்னனுமதி பெற வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு 80,000 பேர் வரை என்பது வரம்பு. 2020-இல் விடுதிகளில் தொற்று பரவிய வேகத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இதை வெறும் பாரபட்சம் என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். ஆனால் கூட்டக் கட்டுப்பாடு என்று பார்த்தால் இந்தக் கணக்கு அரைகுறை. தேக்கா நடைபாதையில் ஒரு கட்டுமானத் தொழிலாளி எடுத்துக்கொள்ளும் இடமும், புடவை எடுக்க வந்த குடும்பத்தின் ஒருவர் எடுத்துக்கொள்ளும் இடமும் ஒன்றுதான். எத்தனை பேர் என்று கேட்பதாகச் சொல்லிக்கொண்டு யார் என்று கேட்ட அனுமதி அது.

பயங்கரவாத அச்சுறுத்தலை மறந்துவிட்டுப் பேசுவதாக என்மேல் குறை சொல்லலாம். 2017-இல் திருத்தப்பட்ட பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒரே நேரத்தில் 5,000 பேருக்கு மேல் எதிர்பார்க்கும் பொது நிகழ்ச்சிகளையும் 10,000 பேருக்கு மேல் எதிர்பார்க்கும் தனியார் நிகழ்ச்சிகளையும் 28 நாள்களுக்கு முன்பே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் எல்லை வகுத்திருப்பது தலைகளின் எண்ணிக்கையை வைத்து என்பதைக் கவனியுங்கள். காவல்துறை கேட்கக்கூடிய ஏற்பாடுகளான பைச் சோதனை, வாகனத் தடுப்பு போன்றவையும் பொருளைத் தேடுகின்றன, பெயரை அல்ல. கத்தியோடு வருகிறவர் தன் சொந்தப் பெயரில் டிக்கெட் வாங்கிவிட முடியும். 2018 ஜூனில் டிரம்ப்பும் கிம்மும் சந்தித்தது போன்ற நிகழ்வில் ஒவ்வொருவரும் யார் என்பது தெரிந்தாக வேண்டும், ஐயமில்லை. சாங்கி விமான நிலையத்தில் முகத்தையும் கண்ணையும் பார்த்துத் திறக்கும் தடங்களும் பொருத்தமே. நாட்டின் எல்லையில் கேட்கப்படும் கேள்வியே நீ யார் என்பதுதான். பொங்கல் கச்சேரிக்கு அதே கருவியை வாடகைக்கு எடுப்பதில் பொருத்தம் எதுவும் இல்லை.

கள்ளச்சந்தையைத் தடுக்கவாவது பெயர் வேண்டாமா என்றால், அதற்கும் வழி வேறு. சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் குறியீடு, படம் பிடித்து விற்பதைத் தடுக்கிறது. வாங்கிய இடத்திலேயே நியாய விலைக்குத் திருப்பி விற்கும் வசதி, மிச்ச ஆசையைக் குறைக்கிறது. பெயர் மாற்றம் நடக்க வேண்டுமானால் முந்தின வாரமே இணையத்தில் நடக்கட்டும், வாசலில் வேண்டாம். அதோடு, கைப்பேசி இல்லாத பாட்டிக்கும் மின்கலம் தீர்ந்துபோன பேரனுக்கும் காகிதம் ஒன்று இருக்க வேண்டும். இணையத் தொடர்பு அறுந்தால் கருவி எப்படி வேலை செய்யும் என்பதை விற்பனையாளரிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள். அவர் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

வாசலே இல்லாத கூட்டங்கள் மிச்சம் இருக்கின்றன. 2022 அக்டோபர் 29 இரவு தென்கொரியத் தலைநகர் சோலின் இத்தேவோன் பகுதியில், மிகக் குறுகிய இடத்தில் மூன்று மீட்டர் அளவே அகலமுள்ள ஒரு சந்தில் 159 பேர் உயிரைப் பறித்த நெரிசலுக்கு முன்னால், டிக்கெட் விற்றவரோ அமைப்பாளரோ யாரும் இல்லை. ஏறக்குறைய நான்கு மணிநேரத்துக்கு முன்பே நெரிசல் பற்றி முதல் அவசர அழைப்பு வந்திருந்தது. தீபாவளிக்கு முந்தின இரவு கேம்பல் லேனிலும் யாரும் யாரிடமும் சீட்டு கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் எண்ணலாம். மரீனா பே புத்தாண்டுக் கொண்டாட்டங்களில் எந்தப் பகுதி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் இணைய வரைபடத்தைக் காவல்துறை பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறது. அதில் ஒருவருடைய பெயரும் இல்லை. சிராங்கூன் சாலையின் பக்கத்தெருக்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருக்கலாம். எந்த எண்ணிக்கையைத் தொட்டதும் தெருமுனையை அடைப்பது, அடைக்கச் சொல்லும் அதிகாரம் அந்த நேரத்தில் யார் கையில், அடைத்தபின் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கமாக வெளியேறுவது என்ற மூன்றையும் கடைக்காரர்களும் காவல்துறையும் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.